திரையைக் குற்றம் சொல்லுமுன்

அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பி, கூட்டத்தில் பத்தடி நடந்தால் போதும். தோளில் தொங்கும் லேப்டாப் பையைப் பார்த்ததும் “டிஸ்ப்ளே மாத்தணுமா சார்?” என்று ஒரு குரல் வரும். பையைத் திறக்கவில்லை, என்ன கோளாறு என்று கேட்கவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அந்தத் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் மேஜை போட்டு இருபத்தைந்து வருஷமாக லேப்டாப் பிரித்துக்கொண்டிருப்பவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் அந்தத் தீர்ப்பைத் தள்ளிப்போடத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லேப்டாப்பில் விலை கூடிய பாகங்களில் திரையும் ஒன்று. செகண்ட் ஹாண்ட் வாங்கியவர் புதிது வாங்கப் பணமில்லாமல்தான் அதை வாங்கியிருக்கிறார். அவருடைய சில ஆயிரம் ரூபாய் உன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

1. ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் கேள்.

எப்போதிலிருந்து இப்படி? கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா? மூடித் திறந்தால் மாறுகிறதா? இதற்கு முன் யாராவது பிரித்தார்களா? கை மாறிய லேப்டாப்புக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். புது லேப்டாப்பில் பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான் இருக்கும். பழையதில் முதலில் வந்த கோளாறு இருக்கும், அதைச் சரிசெய்யப் போனவர் உண்டாக்கியது இருக்கும், விற்றவர் மூடி மறைத்ததும் இருக்கும். “யாரும் தொடலை” என்று அவர் சொன்னாலும் அடிப்பக்க ஸ்க்ரூக்களைப் பார்த்துவிடு. தலை தேய்ந்திருந்தாலோ, ஒன்றிரண்டு குறைந்தாலோ, வேறு நிறத்தில் ஒன்று கலந்திருந்தாலோ ஏற்கெனவே ஒரு கை பட்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு விற்றவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2. லேப்டாப் உயிரோடு இருக்கிறதா என்று பார்.

“டிஸ்ப்ளே வரலை” என்று வருவதில் பாதி, திரையைச் சேர்ந்த கோளாறே இல்லை. பவர் போட்டுக் காதை வை. ஃபேன் சுற்றுகிறதா? கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த எரிந்து அணைகிறதா? அணைந்து எரிந்தால் போர்டு வேலை செய்கிறது. செத்துக் கிடந்தால் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் விழும்வரை அழுத்தி மாட்டு. பழைய லேப்டாப் விற்பவர்கள் ரேமை மாற்றி மாற்றிப் போட்டு விற்பது வழக்கம். சரியாக உட்காராத ரேமுக்காகத் திரை மாற்றிய கதையெல்லாம் எனக்குத் தெரியும். வெளிச்சம் கூட்டும் கீயையும் ஒரு தடவை அழுத்திவிடு. விண்டோஸ் கீயோடு பி (P) அழுத்திப் பார், படம் இரண்டாவது திரைக்கு மட்டும் போகும்படி யாராவது வைத்திருக்கலாம்.

3. காந்தத்தை மறக்காதே.

மூடியை மூடினால் திரை அணைவதற்குக் காரணம் மூடிக்குள் இருக்கும் சின்னக் காந்தமும் கீழ்ப்பாகத்தில் இருக்கும் சென்சாரும். ஒரு லேப்டாப்பின் மேல் இன்னொன்றை வைத்தால் மேலே உள்ளது அணைந்துபோகலாம். கையில் காந்த வளையம், பக்கத்தில் காந்தப் பூட்டுள்ள செல்போன் உறை, இவையும் போதும். மேஜையைச் சுத்தமாக வைத்துக்கொள்.

4. டார்ச் அடித்துப் பார். இதை மட்டும் ஒருநாளும் விடாதே.

எல்சிடி தானாக ஒளி விடாது. பின்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் வருகிறது. அதை அங்கங்கே விட்டும் மறைத்தும் படமாக்குவதுதான் எல்சிடியின் வேலை. படம் ஒரு பாதையில் வருகிறது, வெளிச்சத்துக்கான மின்சாரம் இன்னொரு பாதையில் வருகிறது. எது போனாலும் வெறுங்கண்ணுக்குக் கறுப்புத்தான்.

ஒரு அம்மா மஞ்சள் துணிப்பையில் அரசு லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய வரிசையில் வந்தது. மூத்த பெண் படித்து முடித்து, இப்போது இளையவள் கையில் இருந்தது. வேறோர் இடத்தில் டிஸ்ப்ளே போச்சு என்று சொல்லி நாலாயிரம் கேட்டிருக்கிறார்கள். கடையின் உள்மூலைக்குப் போய், விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தேன். முதலில் கண்ணாடியில் விரல் ரேகைகள்தான் தெரிந்தன. கொஞ்சம் கொஞ்சமாக டார்ச்சை நகர்த்தினேன். வலது கீழ்மூலையில் சாம்பல் நிறத்தில் மணி தெரிந்தது. அப்புறம் வரிசையாக ஐகான்கள். நடுவில், பச்சை ரிப்பன் கட்டி இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்ணின் படம். அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இருக்கா?” என்றார். இருந்தது. வெளிச்சம்தான் இல்லை.

பேட்டரியைக் கழற்றிப் பிரித்தேன். போர்டில் திரை கேபிள் சொருகும் இடத்தருகே அரிசிக் குருணை அளவில் ஒரு ஃப்யூஸ் இருக்கும். அடாப்டர் போட்டு மல்டிமீட்டர் வைத்தேன். ஒரு பக்கம் 19 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஃப்யூஸின் விலை சில ரூபாய்.

இங்கேதான் அவசரக்காரன் தப்புச் செய்கிறான். ஃப்யூஸ் காரணமில்லாமல் போகாது. அதை மாற்றி உடனே பவர் போட்டால் புதியதும் போகும். ஃப்யூஸுக்குப் பதில் ஈயம் வைத்து இணைத்துவிட்டாலோ, அடுத்த முறை போவது போர்டில் இருக்கும் செம்புத் தடம். நான் கேபிளின் நுனியை லென்ஸில் பார்த்தேன். ஒரு முள் கருகியிருந்தது. எப்போதோ யாரோ பேட்டரியைக் கழற்றாமல் கேபிளைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறார்கள். கேபிளும் ஃப்யூஸும் மாற்றினேன். திரை அதே பழைய திரைதான், இன்னும் ஓடுகிறது.

2010-க்கு முந்தைய லேப்டாப் வந்தால் திரைக்குப் பின்னால் எல்இடிக்குப் பதில் மெல்லிய குழல் விளக்கு இருக்கலாம். அதை எரிக்க இன்வெர்ட்டர் என்று தனியே ஒரு குட்டி போர்டு இருக்கும். திரை இளஞ்சிவப்பாக வந்து சில நொடியில் அணைந்தால் குழலுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். அந்த இன்வெர்ட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும், பவர் இருக்கும்போது விரலைக் கொண்டுபோகாதே.

5. வெளி மானிட்டரில் போட்டுப் பார்.

எச்டிஎம்ஐயோ விஜிஏயோ எது இருக்கிறதோ அதில் மாட்டு. வெளியே படம் சுத்தமாக வந்தால் கோளாறு திரையிலோ, கேபிளிலோ, போர்டில் கேபிள் சொருகும் இடத்திலோ இருக்கிறது. வெளியேயும் அதே கோடு, அதே கட்டம் கட்டமான குப்பை வந்தால் திரைமேல் கை வைக்காதே, அது கிராபிக்ஸ் சிப்போ போர்டோ. ஒரு எச்சரிக்கை: கேமிங் லேப்டாப்கள் சிலவற்றில் உள்திரை ஒரு கிராபிக்ஸ் சிப்பிலும் எச்டிஎம்ஐ இன்னொரு சிப்பிலும் இணைந்திருக்கும். அங்கே வெளியே நன்றாக வந்ததை வைத்து மட்டும் போர்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது.

6. விண்டோஸ் வருமுன் பார்.

பவர் போட்டதும் பயாஸுக்குள் போ. டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. அங்கே பத்து நிமிஷம் விட்டுவிடு. நடுக்கமோ கோடோ பயாஸிலேயே தெரிந்தால் விண்டோஸைத் திரும்பப் போட்டுப் பிரயோஜனமில்லை. பயாஸில் அமைதியாக இருந்து விண்டோஸில் மட்டும் மினுக்கினால் டிரைவரைச் சந்தேகப்படு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) கீயையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். இன்டெல் கிராபிக்ஸ் அமைப்பில் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்று ஒன்று உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்தத் திரையே பழைய படத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பேட்டரியில் ஓடும்போது மட்டும் மினுக்கும் லேப்டாப்பில் அதை அணைத்துப் பார்.

டெல் லேப்டாப்புகளில் இன்னொரு வசதி உண்டு. டி கீயை அழுத்திப் பிடித்தபடி பவர் போட்டால் திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக வந்து மாறும். சிவப்பில் தெரியாத கறை வெள்ளையில் தெரியும், வெள்ளையில் தெரியாத, அணையாமல் எரியும் புள்ளி கறுப்பில் மினுங்கும். கம்பெனிகள் லீஸ் முடிந்து திருப்பித் தரும் லேட்டிட்யூட்கள் செகண்ட் ஹாண்ட் சந்தையில் நிறைய. அவற்றை வாங்கப் போகிறவர் யோசனை கேட்டால் இந்த ஒரு சோதனையையாவது சொல்லிக்கொடுத்து அனுப்பு.

7. மூடியை மெதுவாக அசை.

திரைக்குப் போகும் கேபிள் கீலின் வழியாகத்தான் போகிறது. ஒருநாளைக்குப் பத்துத் தடவை மூடித் திறந்தால் ஐந்து வருஷத்தில் பதினெட்டாயிரம் தடவைக்கு மேல் அது மடங்கி நிமிர்ந்திருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கே இதில் சறுக்கியிருக்கிறது. 2016-ல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் கீலைச் சுற்றிய கேபிள் தேய்ந்து வெளிச்சம் போனது. திரையின் அடியில் மேடை விளக்குபோலத் திட்டுத் திட்டாக ஒளி வந்தது. 2019 மே மாதத்தில் அந்த மாடலுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் என்று ஆப்பிள் அறிவித்தது. பின்னால் வந்த மாடலைப் பிரித்துப் பார்த்தவர்கள், கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாகியிருப்பதைக் கண்டார்கள். இரண்டே மில்லிமீட்டர்!

ஒரு கையால் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு மூடியை முழுக்க மூடிய நிலையிலிருந்து கடைசிவரை திற. அவசரப்படாதே, கடிகாரத்தின் பெரிய முள்ளைத் தள்ளுவதுபோல் தள்ளு. ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் படம் வெட்டினாலோ வெள்ளையாகப் போனாலோ கேபிள்தான். கோணம் மாறியும் ஒன்றும் மாறாமல், திரையின் கீழ்ச்சட்டத்தை விரலால் லேசாக அழுத்தும்போது மட்டும் கோடு வந்து போனால் கேபிள் இல்லை, திரைக்கு உள்ளே கோளாறு. இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. உனக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

8. கோடுகளைப் படிக்கப் பழகு.

மேலிருந்து கீழாக ஓடும் கோடும் இடமிருந்து வலமாக ஓடும் கோடும் வெவ்வேறு. திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கிடைவரிசைக்கும் தனித்தனியே மின்சாரம் தரும் சிப்கள் உண்டு. 1366க்கு 768 திரை என்றால் பத்து லட்சத்துக்கு மேல் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பகுதிகள். கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய பிலிம் ஒட்டி அந்த வரிசைகளுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒட்டு விட்டால் ஒரு முழு வரிசை செத்து, கோடாகத் தெரியும். முடியைவிட நெருக்கமான அந்த ஒட்டை நம் மேஜையில் சரிசெய்ய முடியாது. அங்கே திரை மாற்றத்தான் வேண்டும், தயங்காமல் சொல்.

ஆனால் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மடித்த காகிதத்தையோ ஸ்பாஞ்சையோ சட்டத்துக்குள் செருகி, அந்த ஒட்டின் மேல் அழுத்தம் கொடுத்து மூடிவிடுகிறார்கள். கோடு மறைந்துவிடும், லேப்டாப்பும் விலை போய்விடும். ஒரு வாரத்தில், நாலு தடவை மூடித் திறந்ததும் கோடு திரும்பி வரும், துணைக்கு இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு. பிரிக்கும்போது உள்ளே காகிதம் கண்டால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கண்ணால் பார்க்கச் சொல். நீ அதைச் செய்யாதே. ஒருநாளும் செய்யாதே.

மற்றவை சுலபம். மை கொட்டினாற்போல் கறுப்பு பரவியிருந்தால் கண்ணாடி உடைந்துவிட்டது. முழுக்க வெள்ளையாக எரிந்து படம் இல்லாவிட்டால் முதலில் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார். வெள்ளைத் திட்டுகள் பையில் அழுத்தம் பட்டதால் வந்தவை, வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அவற்றுக்காகத் திரை மாற்றச் சொல்லாதே.

9. பேட்டரியைக் கழற்று.

வெளியே தெரியும் பேட்டரி மட்டுமில்லை. திங்க்பேட் டி480 போன்றவற்றில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு உண்டு. பயாஸில் உள் பேட்டரியை முடக்கும் வசதி இருக்கிறது, முதலில் அதைச் செய். மற்றவற்றில் அடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்று. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடி, மிச்சம் இருப்பதும் வடியும். அதன் பிறகுதான் திரை கேபிள். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை மஞ்சள் பையில் வந்த லேப்டாப்பில் பார்த்தோம்.

10. பிரிப்பது.

திரைச் சட்டத்தின் மூலைகளில் சின்ன ரப்பர் மூடிகள் இருந்தால் அவற்றின் கீழே ஸ்க்ரூ இருக்கிறது. அதைப் பார்க்காமல் நெம்பித்தான் பாதிச் சட்டங்கள் உடைகின்றன. இரும்பு வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். ஒரு தாளில் லேப்டாப்பின் படம் வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வை. நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் போட்டு முறுக்கினால் மேலே வந்து குத்தும். புதிய மாடல்களில் திரையை ஸ்க்ரூ பிடிக்காது, இரண்டு பக்கமும் இழுபடும் நாடா பிடித்திருக்கும். நுனியைப் பிடித்து மெதுவாக, திரைக்கு இணையாக இழு. மேலே தூக்கினால் அறுந்துவிடும்.

கனெக்டரை லென்ஸ் வைத்துப் பார். நம் ஊர் கடற்காற்று செம்பை விட்டுவைக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் பச்சை பூத்த முட்களோடு லேப்டாப்கள் வந்துகொண்டிருந்தன. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்து, முழுக்க உலரவிட்டு மாட்டினால் எழுந்து வந்தவை அவற்றில் உண்டு. கேபிளைச் சாய்த்துச் சொருகாதே. நேராக வைத்து, இரு கட்டைவிரலாலும் சமமாகத் தள்ளு.

11. திரை மாற்றத்தான் வேண்டும் என்றானால் பின்பக்க எண்ணைப் பார்த்து வாங்கு.

லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதே. ஒரே மாடலில் மூன்று வகைத் திரை போட்டிருப்பார்கள். கழற்றிய திரையின் முதுகில் ஸ்டிக்கர் இருக்கும். பி (B) என்று தொடங்கினால் ஏயுஓ, எல்பி என்றால் எல்ஜி, எல்டிஎன் என்றால் சாம்சங், என்டி அல்லது என்வி என்றால் பிஓஇ. எழுத்துக்கு அடுத்து வரும் 156 என்பது 15.6 அங்குலம், 140 என்பது 14 அங்குலம். பிஓஇயில் என்டி சாதாரண வகை. என்வி பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை.

அடுத்தது முள். இடிபி என்ற இணைப்பு வகையில் 30 முள்ளும் உண்டு, 40 முள்ளும் உண்டு. பழைய எல்விடிஎஸ் வகையிலும் 40 முள் உண்டு. எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்டினால் திரையோ போர்டோ போய்விடும். பிடிக்கும் காதுகள் மேலும் கீழுமா, பக்கத்திலா, இல்லவே இல்லையா என்றும் பார். எச்டி திரைக்குப் பதில் ஃபுல் எச்டி போட ஆசைப்படுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் கேபிளில் ஒரே ஒரு தகவல் பாதை மட்டும் இருந்தால் ஃபுல் எச்டி ஓடாது. கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதையும் போர்டு ஒத்துக்கொள்ள வேண்டும். பணம் வாங்குமுன் சொல்.

புதுத் திரையை நாடா ஒட்டுமுன், சட்டம் போடுமுன், கேபிளை மட்டும் மாட்டி நிறுத்தி வைத்துப் பேட்டரி இணைத்து எரியவிட்டுப் பார். நிறங்களை ஓட்டு. நாடா ஒட்டின திரையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். பார்த்து முடித்ததும் திரும்பவும் பேட்டரியைக் கழற்றிவிட்டு மிச்ச வேலையைச் செய்.

12. ஹீட் கன்னால் கிராபிக்ஸ் சிப்பைச் சுட்டு, சரியாகிவிட்டது என்று பணம் வாங்காதே.

2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்களில் வந்த கோளாறுக்காக 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர்வரை ஒதுக்கியது. சிப்புக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ஈயப் புள்ளிகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, விரிசல் விட்டன. திரையில் கோடும் கட்டமும் வரும், பிறகு இருட்டு. சூடு காட்டினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டும், லேப்டாப் எழுந்துவிடும். இரண்டு வாரமோ இரண்டு மாதமோ ஓடிப் பழையபடி படுத்துவிடும். அந்தக் காலத்தில் நானும் பல சிப்களைச் சுட்டேன். திரும்பி வந்தவர்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. சிப் போய்விட்டது என்றால் போய்விட்டது என்று சொல். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அதிலிருக்கும் போட்டோக்களையும் பாடங்களையும் எடுத்துக்கொடு. பல பேருக்கு லேப்டாப்பைவிட அதுதான் வேண்டியிருக்கிறது.

13. கொடுக்கும்போது.

அரைமணி நேரம் முழு வெளிச்சத்தில் ஓடவிடு. மூடியைப் பத்துத் தடவை மூடித் திற. கேமராவும் அதே மூடிக்குள் இருப்பதால் அதையும் திறந்து பார், கேபிளை மாட்ட மறந்திருப்பாய். பில்லில் ‘டிஸ்ப்ளே’ என்று மட்டும் எழுதாமல் புதுத் திரையின் எண்ணை முழுசாக எழுது. மாற்றியது ஃப்யூஸ் என்றால் ஃப்யூஸ் என்றே எழுது. பழைய திரையைச் செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் கொடு. வேண்டாம் என்று சொன்னால் வாங்கி வை. கேட்காமல் எடுத்து வைக்காதே.